ஜிம்னிக்கு ஸ்நார்க்கல்: பத்தாயிரமா, நாற்பதாயிரமா?

செய்யாற்றங்கரை:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி, மேனுவல். எங்கள் நிலம் செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிடும். அதைத் தாண்டினால் ஏரிக்கரையோரம் மண்பாதை, அங்கே முழங்கால் வரை தேங்கும். கோடையில் அதே பாதை முழுக்கப் புழுதி.

எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுத்துவரும் குழாய், அதாவது ஸ்நார்க்கல், போடலாம் என்று இருக்கிறேன். உள்ளூரில் செய்தது, பொருத்துக்கூலியோடு பத்தாயிரத்துக்குச் சற்று மேல் சொல்கிறார்கள். ஆஸ்திரேலிய பிராண்டுக்கு இறக்குமதி செய்து தருபவர் நாற்பதாயிரம் கேட்கிறார். பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புக் குழாய். அந்த முப்பதாயிரம் எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்கு ஜீப்:

பிராண்டையே வாங்குங்கள். ஸ்நார்க்கல் எதைக் காப்பாற்றுகிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் எஞ்சின் 1,462 சி.சி., நான்கு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 365 மி.லி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது உள்ளே இருக்கும் காற்று கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுங்குகிறது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. கால் டம்ளர் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனாலே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான். சாதாரண இன்சூரன்ஸில் இதற்குப் பணம் வராது, எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாக எடுத்திருக்க வேண்டும்.

சஃபாரி, அயர்ன்மேன் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனி அச்சு செய்கின்றன. ஃபெண்டரில் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில்) எங்கே துளையிட வேண்டும் என்பதற்கு அளவுத்தாள் வருகிறது, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட், கிளாம்ப், போல்ட் எல்லாம் பெட்டியிலேயே இருக்கும். வண்டிக்குப் பல லட்சம் கொடுத்துவிட்டு, அதன் மூச்சுக்குழாயில் முப்பதாயிரம் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய பட்டறை:

கொங்கு ஜீப் சொன்னதில் எஞ்சின் கணக்கு சரி. ஆனால் அதிலிருந்து பிராண்டு தேவை என்ற முடிவு எப்படி வந்தது?

தண்ணீர் குழாயின் நடுவில் நுழைவதில்லை, இணைப்புகளில்தான் நுழைகிறது. ஃபெண்டருக்குள் ஸ்நார்க்கலும் வண்டியின் ஹோஸும் சேரும் இடம் ஒன்று. அந்த ஹோஸ், ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர்பாக்ஸில் ஏறும் இடம் இன்னொன்று. மூன்றாவதுதான் பலரும் மறப்பது: ஏர்பாக்ஸின் அடியில் மழைத் தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே விட்டிருக்கும் வடிகால் துளை. வண்டி தண்ணீரில் இறங்கினால் அதே துளை வழியாகத் தண்ணீர் மேலே ஏறும். மேலே விலை உயர்ந்த ஸ்நார்க்கல் நிற்க, கீழே அந்தத் துளை திறந்தே கிடந்த வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வந்திருக்கின்றன. அதை அடைக்க ரப்பர் மூடியோ ஒருவழி வால்வோ போதும், செலவு நூறு இருநூறு ரூபாய்.

நாற்பதாயிரம் கொடுத்து வாங்கியதை அவசரமாகப் பொருத்தினால் அது அலங்காரம். பத்தாயிரத்தில் வாங்கியதைப் பொறுமையாகப் பொருத்தினால் வேலை செய்யும். இதை நான் எங்கும் சொல்வேன்.

வேளச்சேரிவாசி:

விலைக்கு முன்னால் ஒரு கேள்வி. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறும் என்றீர்களே, அது தேங்கிய தண்ணீரா, ஓடும் தண்ணீரா?

செய்யாற்றங்கரை:

பாலத்தின் மேல் ஓடும் தண்ணீர்தான் சார். மண்பாதையில் இருப்பது தேங்கியது.

வேளச்சேரிவாசி:

அப்படியானால் பாலத்தை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டடி உயரத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீர், எஸ்.யூ.வி., பிக்கப் உட்படப் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சிறிய கார்களுக்கு ஓரடியே அதிகம். ஜிம்னி எடை குறைந்த வண்டி, அகலமும் குறைவு. தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதால் என்ன பயன்? மதகு ஓரம் அரித்துப்போயிருந்தால் கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கும் தெரியாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் தரைப்பாலத்தில் வண்டியோடு போனவர்கள் பற்றிச் செய்தி வருகிறது. வண்டியில் ஸ்நார்க்கல் இருக்கிறது என்ற தைரியமே ஆளை இறக்கிவிடும். அதுதான் என் பயம்.

வேளச்சேரியில் பெருமழை அறிவிப்பு வந்தால் மக்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறார்கள். 2015, 2023 டிசம்பர்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். நின்ற வண்டிக்கு ஸ்நார்க்கலால் எந்தப் பலனும் இல்லை, தண்ணீர் கதவு வழியாக வரும்.

கொங்கு ஜீப்:

ஓடும் தண்ணீர் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதில் விவாதமே வேண்டாம்.

பட்டறைக்காரர் அண்ணாவுக்கு வருகிறேன். நீங்கள் நன்றாகப் பொருத்துவீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அவர் ஊரில் பொருத்துபவர் எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? பிராண்டு ஸ்நார்க்கலில் அளவு சரியாக இருப்பதால் சாதாரண மெக்கானிக்கும் ஓரளவு சரியாகப் பொருத்திவிடுவார். விலை குறைந்ததில் துளை அரை விரல் தள்ளி நிற்கும். அதைச் சரிக்கட்டத் துளையை அராவிப் பெரிதாக்குவார்கள், அப்புறம் இடைவெளியை சிலிகானால் நிரப்புவார்கள். அந்த சிலிகான் எத்தனை கோடை தாங்கும்?

அச்சுவேலை:

சிலிகான் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ரோட்டோமோல்டிங் தொழிலில் இருப்பவன்.

நல்ல ஸ்நார்க்கல் பெரும்பாலும் எல்.எல்.டி.பி.இ. என்ற பாலிஎத்திலீனில் செய்யப்படுகிறது. நம் வீட்டு மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் அதே பொருள், அதே செய்முறைதான். பிளாஸ்டிக் தூளை வெற்று அச்சுக்குள் போட்டு, சூட்டு அடுப்பில் இரண்டு திசையிலும் சுழற்றுவோம். தூள் உருகிச் சுவரெங்கும் படிந்து ஒட்டுப்போடாத ஒரே துண்டாக வரும். ஆஸ்திரேலியாவில் மட்டும் நடக்கும் வித்தை ஒன்றும் இல்லை, நம் ஊரிலேயே பல ஆலைகள் செய்கின்றன.

வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, மூலப்பொருள். புதிய பாலிமரும் போதுமான புற ஊதா தடுப்பானும் சேர்த்தால் வெயிலில் பல வருடம் நிற்கும். பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் கலந்தால் மேல்பரப்பு வெளுத்து மாவு மாதிரி உதிரும், பிறகு போல்ட் இருக்கும் இடத்தில் கீறல் விடும். மலிவான தண்ணீர்த் தொட்டி வாங்கியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். இந்தப் பொருள் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். அச்சிலிருந்து எடுத்தவுடன் சட்டத்தில் பூட்டி ஆறவிட்டால் வடிவம் நிற்கும். அவசரத்தில் அப்படியே தரையில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். குழாய் சற்று முறுக்கினால் யாருக்கும் தெரியாது. ஃபெண்டரோடு ஒட்டும் முகம் முறுக்கினால் கேஸ்கெட் ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் அழுந்தாது. கசிவு அங்கிருந்துதான். இதைச் சரியாகச் செய்ய நேரமும் கூடுதல் சட்டங்களும் வேண்டும். விலை ஏறும் காரணங்களில் இது நியாயமானது.

சிலிகான் பற்றி: பாலிஎத்திலீனில் சிலிகான் ஒட்டாது. பூசிய அன்று பிடித்த மாதிரி இருக்கும், சில மாதத்தில் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வரும். இந்தப் பிளாஸ்டிக்கில் பசையை நம்பக்கூடாது. கேஸ்கெட், ஓ-ரிங், கிளாம்ப் என்று அழுத்தத்தால் மட்டுமே அடைக்க முடியும். கீறல் விட்டால் சூடான காற்றால் வெல்டு செய்யலாம், பசை போட்டு ஒட்ட முடியாது.

பழைய பட்டறை:

அருமையான விளக்கம். நான் சொல்வதற்கும் இதற்கும் பகை இல்லை. முகம் முறுக்கியிருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்க்கலாம். மட்டமான கண்ணாடிப் பலகை மேல் அந்த முகத்தை வைத்து ஓரங்களை விரலால் அழுத்துங்கள். ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, போல்ட் ஏறும் பித்தளைத் திருகு வார்ப்பிலேயே பதித்ததா, பிறகு துளைபோட்டுச் செருகியதா என்று பாருங்கள். செருகியது இறுக்கும்போது கூடவே சுற்றும்.

பொருத்திய பிறகு எஞ்சினை ஐடிலில் விட்டு, ஸ்நார்க்கல் வாயை உள்ளங்கையாலோ தடித்த பிளாஸ்டிக் தாளாலோ முழுவதும் மூடுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடக்கூடாது. எல்லாம் இறுக்கமாக இருந்தால் எஞ்சின் திணறி உடனே நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் எங்கிருந்தோ காற்று இழுக்கிறது. காற்று வரும் வழியில் தண்ணீரும் வரும். இந்தச் சோதனையில் தேறாத வண்டியை, பெட்டியில் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும், நான் தண்ணீரில் இறக்கமாட்டேன்.

கொங்கு ஜீப்:

முதல் நாள் எல்லாமே தேறும் அண்ணா. இரண்டாவது கோடை முடிந்து பிளாஸ்டிக் தளர்ந்த பிறகு? யார் மறுபடியும் கையை வைத்து மூடிப் பார்க்கப்போகிறார்கள்?

இன்னொரு விஷயத்தையும் யாரும் பேசவில்லை. இந்த எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று இழுக்கும். மலிவானவற்றில் சில, ஃபெண்டருக்குள் திரும்பும் இடத்தில் கழுத்து நெரித்த மாதிரி குறுகுகின்றன. ஆரம்பத்தில் தெரியாது. ஏற்றத்தில் வண்டி மந்தமாகும்போதுதான் தெரியும்.

பழைய பட்டறை:

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒருமுறை மூடிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பிராண்டு போட்டவரும் செய்ய வேண்டும், ரப்பருக்குப் பெயர் தெரியாது. குறுகல் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஹோஸின் உள்விட்டத்தை அளந்து, குழாயில் எந்த இடமும் அதைவிடச் சிறியதாக இல்லை என்று பார்த்து வாங்க வேண்டும்.

புழுதிப்பாதை:

நீங்கள் எல்லோரும் தண்ணீரையே பேசுகிறீர்கள். அவர் வருடத்தில் எட்டு மாதம் ஓட்டப்போவது புழுதியில். அதற்கு எந்த ஸ்நார்க்கலும் போதும். காரணம், ஸ்நார்க்கல் ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது. இணைப்பில் சின்னக் கசிவு இருந்தாலும் தூசி ஃபில்டரைத் தாண்டித்தான் எஞ்சினுக்குப் போக முடியும். ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், அவ்வளவுதான். முன்னால் போகும் டிராக்டர் கிளப்பும் புழுதி பானெட் உயரத்தில் கெட்டியாகவும் கூரை உயரத்தில் மெலிந்தும் இருக்கும், அதனால் காற்றை மேலிருந்து எடுப்பதே பாதி லாபம். டிராக்டரில் இருப்பது போன்ற சுழல் பிரீ-கிளீனரைத் தலையில் மாட்டினால் கனமான தூசி சுழன்று முன்பே வெளியேறிவிடும். மழைக்காலத்தில் சாதாரணத் தலையை மாட்டிக்கொள்ளலாம்.

கொங்கு ஜீப்:

புழுதிக்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அவர் முழங்கால் தண்ணீர் என்கிறார்.

பழைய பட்டறை:

அந்த முழங்காலைத்தான் பார்க்க வேண்டும். ஜிம்னி இறங்கலாம் என்று கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம் 300 மி.மீ. டயர் 195/80 ஆர்15, விட்டம் 69 சென்டிமீட்டர். அதாவது சக்கரத்தின் மையம் தரையிலிருந்து முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு சென்டிமீட்டர். இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் ரிஜிட் ஆக்ஸில், அவற்றின் நடுவே சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டிகளான இரண்டு டிஃபரன்ஷியலும் சக்கரத்தின் மையத்தை ஒட்டியே தொங்குகின்றன. முழங்கால் தண்ணீரில் அவை முழுக்க மூழ்கும். எஞ்சின் காற்று இழுக்கும் வாயான ஏர் இன்டேக் அப்போதும் பானெட்டுக்குக் கீழே காய்ந்தபடி இருக்கும்.

ஓடிய டிஃபரன்ஷியல் சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுவழி மூலமாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும். அது தெரியாமல் ஓட்டினால் பேரிங், பல்சக்கரம் எல்லாம் போகும். ஆகவே முதல் செலவு பிரீதர் ஹோஸ்களை நீட்டி மேலே கொண்டுபோவது. முன், பின் ஆக்ஸில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும். நாற்பதாயிரத்தை ஸ்நார்க்கலில் போட்டுவிட்டு இதை விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கொங்கு ஜீப்:

பிரீதர் அவசியம், மறுக்கவில்லை. ஆனால் சேற்றுப் பாதையில் முன்சக்கரம் குழியில் விழுந்தால் முப்பது சென்டிமீட்டர் என்ற கணக்கெல்லாம் அந்த நொடியில் போய்விடும். மூக்கு தாழும், அலை பானெட் மேல் ஏறும். அப்போது இன்டேக்கைத் தொடும் தண்ணீர் டிஃபரன்ஷியலைக் கெடுப்பது போல மெதுவாகக் கெடுக்காது, எஞ்சினை அங்கேயே உடைக்கும். நான் பிராண்டு என்பது அந்த ஒரு நொடிக்காக.

வேளச்சேரிவாசி:

இருவரும் சட்டத்தை விட்டுவிட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது. ஃபோர்ஸ் குர்காவுக்கு ஸ்நார்க்கல் கம்பெனியிலிருந்தே வருகிறது, 700 மி.மீ. ஆழமும் அவர்களே சொல்கிறார்கள். ஜிம்னியில் நீங்கள் ஃபெண்டரை அறுத்துப் போடுகிறீர்கள். பத்தாயிரமானாலும் நாற்பதாயிரமானாலும் அதிகாரிக்கு ஒன்றுதான். வாரண்டி பற்றியும் இன்சூரன்ஸ் பற்றியும் எழுத்தில் கேட்டுவிட்டு அறுங்கள்.

பழைய பட்டறை:

உண்மை. அறுத்தால் அறுத்த விளிம்பில் பிரைமர், பெயின்ட் இரண்டும் அடித்த பிறகே ஸ்நார்க்கலை வைக்கச் சொல்லுங்கள். வெறும் தகடு ஒரே மழைக்காலத்தில் துருவேறும்.

செய்யாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. மழைக்காலத்தில் தரைப்பாலம் வேண்டாம், மேல்பாலம் வழியாகச் சுற்றிப் போகிறேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன். ஷோரூமிலும் இன்சூரன்ஸிலும் எழுதிக் கேட்டிருக்கிறேன். சரி என்றால் உள்ளூர் ஸ்நார்க்கல், ஆனால் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்த்து, கழுத்தின் உள்விட்டம் அளந்து, பதித்த திருகு இருந்தால் மட்டும். பிரீதரை ஸ்நார்க்கலுக்கு முன்னால் செய்துவிடுகிறேன். பின் ஆக்ஸிலின் ஹோஸை எங்கே கொண்டுபோய் முடிப்பது?

கொங்கு ஜீப்:

முகம் ஆடினால் "போல்ட் இறுக்கினால் உட்கார்ந்துவிடும்" என்பார்கள். கேட்காதீர்கள். அப்போதும் என் யோசனை பிராண்டுதான்.

பழைய பட்டறை:

பின் ஹோஸைச் சேஸிஸ் ஓரமாக ஏற்றி, டெயில் லேம்பை ஒட்டி பாடிக்குள் உயரத்தில் முடியுங்கள். ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும் என்பதால் அங்கே நல்ல தளர்வு விட வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்கிக்கொள்ளும். சைலன்சர் பக்கம் போகவிடாதீர்கள். நுனியில் சின்ன ஃபில்டர் மாட்டி வாயைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் இரண்டு ஆக்ஸிலிலும் ஆயில் அளவு பார்க்கும் லெவல் பிளக்கைக் கழற்றி ஆயில் நிறத்தைப் பாருங்கள்.