இரண்டு உருண்டைகள்: எது ஸ்படிகம், எது கண்ணாடி? கீறாமல் கண்டுபிடிக்க உதவி வேண்டும்

பனித்துளி:
வணக்கம். என் மாமா சேர்த்து வைத்திருந்த பொருட்களை அவர் காலமான பிறகு நான்தான் பிரித்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் நிறமில்லாத உருண்டைகள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் ஸ்படிகம் என்றுதான் அவர் சொல்லி வந்தார். பெரியது சுமார் 60 மி.மீ. விட்டம். உள்ளே ஒரு தூசு கூட இல்லை. சின்னது 45 மி.மீ. இருக்கும். அதற்குள் ஒரு பக்கமாக வெள்ளைப் படலம் ஒன்று தெரிகிறது, கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த மாதிரி.

படலம் இருப்பதுதான் இயற்கைக் கல், சுத்தமாக இருப்பது கண்ணாடி என்று வீட்டில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. நாளைக்கு இன்னொருவர் கைக்குப் போகும்போது தப்பான பெயரோடு போகக்கூடாது.

இதுவரை செய்தது: வழியாகப் பார்த்தால் எதிரில் இருப்பது தலைகீழாகத் தெரிகிறது, இரண்டிலுமே. தண்ணீரில் போட்டால் ஸ்படிகம் கண்ணுக்கே தெரியாது என்றார்கள். இரண்டுமே நன்றாகத் தெரிகின்றன. கத்தியால் கீறிப் பார் என்றார் ஒருவர், அது மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கையில் இருப்பவை: 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, 10 மடங்கு லென்ஸ், லேப்டாப், போலரைஸ்டு கூலிங் கிளாஸ். இவற்றை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

கல்லும்கதிரும்:
கீறாமல் விட்டது நல்ல முடிவு. ஸ்படிகம் என்பது நிறமில்லாத குவார்ட்ஸ் படிகம்தான். மோஸ் கடின அளவுகோலில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில் நிற்கும், வித்தியாசம் உண்மைதான். ஆனால் கத்தி ஏறாத கண்ணாடியும் உண்டு. பதிலும் கிடைக்காமல் பாலிஷும் போய்விடும்.

தலைகீழாகத் தெரிவதை விட்டுவிடுங்கள். ஒளியை வளைக்கும் எந்த உருண்டையும் லென்ஸ்தான், கண்ணாடியும் அதைச் செய்யும். தண்ணீர்ச் சோதனையும் வீண். ஒரு பொருள் திரவத்துக்குள் மறைய வேண்டுமானால் இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் எண்) ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். தண்ணீருக்கு 1.33, கண்ணாடிக்கு 1.52 போல, குவார்ட்ஸுக்கு 1.54, 1.55. எது மறையும்?

குவார்ட்ஸுக்கு இரண்டு எண் சொன்னேன் பாருங்கள், விஷயமே அங்கேதான். கண்ணாடிக்குள் ஒளி எந்தத் திசையில் போனாலும் ஒரே வேகம். குவார்ட்ஸ் படிகத்துக்குள் நுழையும் கதிர் இரண்டாகப் பிரிந்து, ஒன்று 1.544-க்கும் இன்னொன்று அதிகபட்சம் 1.553-க்கும் ஏற்ப விலகும். அதனால் பின்னால் இருக்கும் கோடு இரண்டாகத் தெரியும்.

வெள்ளைத் தாளில் கூர்மையான பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். தடித்த கோடு போட்டால் பிரிவு அதற்குள்ளேயே மறைந்துவிடும். கோட்டின் மேல் உருண்டையை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலிருந்து பாருங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. படிகத்தில் ஒளி பிரியாமல் போகும் திசை ஒன்று உண்டு, அதை ஒளி அச்சு என்பார்கள். தற்செயலாக அந்த வழியே பார்த்தால் ஒற்றைக் கோடுதான் தெரியும். உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பக்கமும் உருட்டிப் பாருங்கள்.

தராசுத்தட்டு:
கோட்டோடு எடையையும் பாருங்கள். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, அதில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. சாதாரணக் கண்ணாடி 2.5. கே9 கிரிஸ்டல் என்று விற்பதும் 2.5 சொச்சம்தான், அது ஒரு வகை ஒளியியல் கண்ணாடி. ஈயம் 24 சதவீதம் சேர்த்த கண்ணாடி 3-ஐ ஒட்டி வரும். குவார்ட்ஸையே உருக்கி ஆறவைத்தால் அதுவும் கண்ணாடிதான், அது 2.2-க்கு இறங்கிவிடும்.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு உதாரணம். ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் குறையே இல்லாத ஒரு பெரிய குவார்ட்ஸ் உருண்டை இருக்கிறது. விட்டம் 12.9 அங்குலம், எடை 106.75 பவுண்டு என்று போட்டிருக்கிறார்கள். அந்த விட்டத்துக்குக் கன அளவு போட்டு எடையை வகுத்தால் 2.65-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

ஆனால் உங்கள் உருண்டையில் விட்டத்தை அளந்து கணக்குப் போடாதீர்கள். 60 மி.மீ.யில் 1 மி.மீ. தவறினால் கன அளவு 5 சதவீதம் மாறும். கண்ணாடிக்கும் குவார்ட்ஸுக்கும் இருக்கும் இடைவெளியே 6 சதவீதம்தான். தண்ணீரையே அளக்க விடுங்கள். முதலில் உருண்டையைக் காய்ந்த நிலையில் எடை போடுங்கள். அப்புறம் தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். உருண்டையைத் தொங்கவிட்டு முழுக்க முங்கச் செய்யுங்கள், அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான் உருண்டையின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

பனித்துளி:
உருண்டையை நூலில் எப்படிக் கட்டுவது? வழுக்கிக்கொண்டே போகிறது.

தராசுத்தட்டு:
நூலால் கட்ட வேண்டாம். மெல்லிய நைலான் வலைத் துண்டில் போட்டு வாயைச் சுருக்கிக் கட்டுங்கள், வலையின் அளவு கணக்கைக் கெடுக்காது. கையில் பிடித்தால் எண் ஆடும். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு கம்பி போட்டு அதில் தொங்கவிடுங்கள். வலையில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டி விட்ட பிறகு எண்ணைக் குறியுங்கள்.

ஆற்றுக்கல்:
இவ்வளவு சிரமம் எதற்கு? இருட்டில் இரண்டு ஸ்படிகங்களை ஒன்றோடு ஒன்று உரசினால் உள்ளே ஒளி வரும். நானே கூழாங்கல்லில் பார்த்திருக்கிறேன். அப்புறம் தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், அதுவும் ஒரு அடையாளம்.

கல்லும்கதிரும்:
உரசினால் குவார்ட்ஸ் மினுங்கும் என்பது உண்மைதான் நண்பரே. கூழாங்கல்லில் செய்யலாம், பாலிஷ் போட்ட உருண்டையில் செய்தால் அந்த இடம் மங்கிப்போகும். பனித்துளியிடம் இருப்பது அவர் மாமாவின் பொருள், வேண்டாம்.

ஜில்லென்று இருப்பதற்கும் காரணம் உண்டு. குவார்ட்ஸ் கண்ணாடியை விட ஆறு மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால் கன்னத்தில் வைத்தால் அதிக நேரம் குளிரும். இரண்டு உருண்டைகளும் ஒரே அறையில் சில மணி நேரம் இருந்த பிறகு மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். சந்தேகம் எழுப்ப இது போதும், பெயர் எழுத இது போதாது.

பனித்துளி:
எல்லாம் செய்து பார்த்தேன்.

பெரியது: 301 கிராம். தண்ணீரில் 114. வகுத்தால் 2.64.
சின்னது: 120 கிராம். தண்ணீரில் 48. வகுத்தால் 2.50.

பெரியதைக் கோட்டின் மேல் வைத்ததும் ஒற்றைக் கோடுதான் தெரிந்தது. மெல்ல உருட்டினேன். கோடு தடித்துக்கொண்டே வந்து, நடுவில் வெள்ளை விழுந்து, தெளிவாக இரண்டு கோடாகிவிட்டது! இன்னும் உருட்டினால் திரும்ப ஒன்றாகச் சேர்கிறது. சின்னதை எவ்வளவு உருட்டியும் ஒரே கோடு. அப்படியென்றால் வீட்டில் சொன்னதற்கு நேர்மாறா? சின்னதில் இருக்கும் படலம் என்ன?

தராசுத்தட்டு:
1 கிராம் தராசில் 2.64 என்பது 2.65-க்குள் அடங்கிய பதில்தான். சின்னது கண்ணாடி எடை.

மண்ணடிமணி:
நான் கற்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன், படலத்தைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளே குறை இருந்தால் இயற்கை என்பது பரவலான நம்பிக்கை. எந்த மாதிரிக் குறை என்று பார்க்காமல் அதை ஏற்கக்கூடாது. உருண்டை தானே லென்ஸாக இருப்பதால் உள்ளே இருப்பதன் வடிவத்தை இழுத்துக் காட்டும், உருண்டையான குமிழி கூட ஓரத்தில் நீளமாகத் தெரியும். அதனால் தெளிவான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் உருண்டையை முழுக்க முக்கி, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து லென்ஸால் பாருங்கள். தண்ணீருக்குள் அந்த இழுப்பு வெகுவாகக் குறையும்.

இயற்கைக் குவார்ட்ஸில் படலம் என்பது பெரும்பாலும் பூமிக்குள்ளேயே விரிசல் விட்டு மறுபடி ஒட்டிக்கொண்ட இடம். ஒட்டும்போது திரவம் துளித்துளியாக மாட்டிக்கொள்ளும். அந்தத் துளிகள் கோணல்மாணலாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், ஒரே தளத்தில் பரவிக் கிடக்கும். சிலவற்றில் திரவத்துக்குள் ஒரு குமிழி கூட இருக்கும், ஆனால் அதைச் சுற்றி ஒரு அறை தெரியும். கண்ணாடியில் இருப்பது வெறும் காற்றுக் குமிழி. தனித்தனியாக, வழவழப்பாக, உருண்டையாக இருக்கும், உருகி ஓடிய திசையில் நீண்டும் இருக்கலாம். பக்கத்தில் வளைந்த ஓட்டக் கோடுகள் தெரிந்தால் இன்னும் உறுதி.

கூலிங் கிளாஸை ஏன் யாரும் கேட்கவில்லை? லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தபடி அதைத் திருப்புங்கள். பெரும்பாலான லேப்டாப் திரைகள் ஒரு கோணத்தில் கறுத்துவிடும். கோணத்தைக் கலைக்காமல் உருண்டையை நடுவில் பிடித்துச் சுழற்றுங்கள். கண்ணாடி இருட்டாகவே இருக்கும். குவார்ட்ஸில் இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரும், ஒளி அச்சு கண்ணுக்கு நேராக வரும்போது வண்ண வளையங்கள் தோன்றும். ஒன்று கவனியுங்கள்: சரியாக ஆறவைக்காத கண்ணாடிக்குள் இறுக்கம் இருந்தால் அதிலும் சாம்பல் நிறத் திட்டுகளோ சிலுவையோ தெரியலாம். உருண்டையை எப்படித் திருப்பினாலும் அதே மாதிரி தெரிந்தால் அது இறுக்கம். வளையங்கள் எதிரெதிராக இரண்டு இடங்களில் மட்டும் வந்தால் படிகம்.

பனித்துளி:
சின்னதைத் தண்ணீருக்குள் பார்த்தேன். படலம் முழுக்கப் பொடிப்பொடிக் குமிழிகள், எல்லாமே உருண்டை. ஒரு ஓரத்தில் மட்டும் ஒரே திசையில் நீண்டிருக்கின்றன. திரைக்கு முன்னால் எப்படித் திருப்பினாலும் இருட்டு. பெரியது வெளிச்சமாகிறது. நிதானமாகத் திருப்பியதில் வளையங்கள் கிடைத்தன, மெல்லியதாக, நெருக்கமாக. நேர் எதிர்ப் பக்கத்திலும் அதே வளையங்கள்.

அப்போது பெரியதை ‘இயற்கை ஸ்படிகம்’ என்று எழுதலாமா?

மண்ணடிமணி:
‘குவார்ட்ஸ் படிகம்’ வரை தாராளமாக எழுதலாம். ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

குவார்ட்ஸை ஆலையிலும் வளர்க்கிறார்கள். கனமான எஃகுக் கலத்தில், காரம் கலந்த நீரில், 350 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்திலும் மிகுந்த அழுத்தத்திலும் குவார்ட்ஸ் துண்டுகளைக் கரைத்து, விதைத் தகட்டின் மேல் படியவிடுவார்கள். கடிகாரத்துக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் வேண்டிய குவார்ட்ஸ் பெரும்பாலும் இப்படி வருவதுதான். அதுவும் நிஜப் படிகம். அடர்த்தி, இரட்டைக் கோடு, வண்ண வளையம் எல்லாம் அச்சு அசல் இயற்கைக் குவார்ட்ஸ் போலவே வரும். வீட்டில் பிரிக்க முடியாது.

குறிப்பு கிடைக்கும் இடங்கள் சில உண்டு. வளர்த்த கல்லில் விதைத் தகட்டின் தளமோ, அதை ஒட்டிய வெள்ளைத் துகள்களோ தெரியலாம். இயற்கைக் கல்லில் இரட்டைப் படிக வளர்ச்சி (ஒரே கல்லுக்குள் இரண்டு படிகப் பகுதிகள் பின்னி வளர்வது) சகஜம், அது இருந்தால் வளையங்களுக்குக் குறுக்கே நேர்விளிம்புள்ள பட்டைகள் வெட்டிக்கொண்டு போகும். உங்களுடையதில் வளையம் சுத்தமாக வந்திருக்கிறது, அதை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது. அகச்சிவப்பு நிறமாலை எடுக்கும் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழி, ஆவணம். வளர்ப்புக் குவார்ட்ஸ் வணிக அளவில் வந்தது 1950-களை ஒட்டித்தான். அதற்கு முந்தைய படமோ ரசீதோ இதே உருண்டைக்கு இருந்தால் அதுவே பலமான சான்று.

பனித்துளி:
அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ‘குவார்ட்ஸ் படிகம், இயற்கையா வளர்த்ததா என்று சோதிக்கப்படவில்லை’ என்று எழுதிவிட்டேன். அடர்த்தி எண்ணையும் பக்கத்திலேயே குறித்திருக்கிறேன். சின்னதற்கு ‘கண்ணாடி’. எல்லோருக்கும் மிக்க நன்றி.

கல்லும்கதிரும்:
இரண்டையும் ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். 60 மி.மீ. உருண்டையில் வெயில் குவியும் புள்ளி மறுபக்க மேற்பரப்பிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் தள்ளித்தான் விழும். துணியோ தாளோ அங்கே இருந்தால் பற்றிக்கொள்ளும். கேம்ப்பெல்–ஸ்டோக்ஸ் வெயில் பதிவுக் கருவி கண்ணாடி உருண்டையால் அட்டையைச் சுட்டுத்தான் வெயில் நேரத்தைக் குறிக்கிறது.

புதுவரவு:
என்னிடம் 8 மி.மீ. மணிகள் கோத்த மாலை இருக்கிறது. கோட்டுச் சோதனை அதற்கும் ஆகுமா?

மண்ணடிமணி:
அவ்வளவு சின்ன மணியில் பிரிவு கண்ணில் படாது. திரையும் கூலிங் கிளாஸும் போதும், வளையங்கள் இன்னும் அகலமாகவே தெரியும். துளை குறுக்கே வராத பக்கமாகப் பாருங்கள். அடர்த்தி வேண்டுமானால் நூலிலிருந்து கழற்றி எல்லா மணிகளையும் சேர்த்து ஒரே வலையில் போட்டு எடை எடுங்கள், துளைக்குள் காற்று நிற்காமல் நன்றாகக் குலுக்கிவிட்டு. ஆனால் அந்த எண் மொத்தத்துக்கான சராசரி. கண்ணாடி மணிகள் இடையில் கலந்திருக்கலாம் என்பதால் ஒவ்வொரு மணியையும் திரைக்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.