பெரிய ஆங்கிலச் சொல்லை எங்கே பிரிப்பது? (அவசரம்)

மழைத்துளி:
வணக்கம். நீளமான ஆங்கிலச் சொற்களைப் பிரிக்க வழி சொல்லுங்கள். புத்தகத்தில் ஒரு மாதிரி, அகராதியில் வேறு மாதிரி இருக்கிறது. எது சரி? நாளைக்குள் வேண்டும்.

நிலா:
எந்தச் சொல்? எதற்குப் பிரிக்கிறீர்கள், வாசிக்கவா, பொருள் தெரியவா?

முகில்:
சுலபம். உயிரெழுத்துகளை எண்ணுங்கள். எத்தனை உயிரோ அத்தனை அசை, அதாவது ஒரே வீச்சில் ஒலிக்கும் துண்டு.

கரும்பலகை:
எழுத்தை அல்ல, உயிர் ஒலியை எண்ண வேண்டும். 'கேக்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் உயிர் இரண்டு; கடைசி உயிர் ஒலிக்காது, ஆகவே ஒரே அசை. இதெல்லாம் அடிப்படை. கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் புரட்டியிருக்கலாம்.

ஏட்டுச்சுவடி:
யாப்பு தெரிந்தால் போதுமே. நேர், நிரை என்று அலகிடுவது போலத்தான் இதுவும்.

நிலா:
ஒத்துவராது ஐயா. 'மலர்' யாப்பில் ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் ம, லர் என்று இரண்டாகிவிடும்.

ஏட்டுச்சுவடி:
அசை என்ற பெயரை யாப்பிலிருந்துதானே எடுத்தீர்கள்?

கரும்பலகை:
பெயர் ஒன்று, கணக்கு வேறு. தனி இழை தொடங்குங்கள்.

மழைத்துளி:
சொல் ஹெலிகாப்டர். மகளுக்கு வாசிக்கச் சொல்லித்தர. புத்தகத்தில் 'ஹெலிகோ + ப்டர்' என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

வேர்தேடி:
பிழையில்லை. அது பொருளைப் பார்த்துப் பிரித்தது. கிரேக்கத்தில் ஹெலிக்ஸ் என்றால் சுருள், ப்டெரான் என்றால் சிறகு. டெரோடாக்டைல் என்ற பறக்கும் ஊர்வனவின் பெயரிலும் இதே சிறகுதான். அங்கே ஆங்கிலத்தில் 'ப்' ஒலிப்பதில்லை. ஆனால் வாயில் வரும் அசை ஹெ-லி-காப்-டர். இரண்டு பிரிப்பும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஃபோட்டோகிராஃபியும் அப்படித்தான்: பொருளுக்கு ஃபோட்டோ + கிராஃபி, வாசிக்க ஃப-டாக்-ர-ஃபி. அப்புறம், பல அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லுக்குள் (பொருள் சொல்லப்படும் சொல்லுக்குள்) இருக்கும் புள்ளிகள், வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டுபவை. உச்சரிப்பைப் பக்கத்தில் தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதைப் பாருங்கள்.

நிலா:
குழந்தைக்கு முதலில் முன்னொட்டையும் பின்னொட்டையும் மறைத்துக் காட்டுங்கள். 'அன்பிலீவபிள்' என்றால் நடுவில் 'பிலீவ்' மட்டும் தெரியட்டும். தெரிந்த சொல் கண்ணில் பட்டால் பயம் போய்விடும். மிச்சத்தை அசை அசையாகச் சேர்க்கலாம்.

முகில்:
ஒலியை எண்ணச் சொன்னாலும் என் முறைதான் வேகமானது.

மழைத்துளி:
மறைத்துக் காட்டினேன், 'இன்டர்நேஷனல்' வாசித்துவிட்டாள். நன்றி.