பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஜோடிக்கு ஒரு ஞாயிறு: யோசனை வேணும்

வணக்கம். கல்யாணம் ஆகப்போற ஜோடிக்குத் திட்டம் போடுறோம். எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து காலை முதல் ஃபெர்ரி. ஃபெர்ரி வந்து சேரும் வெல்ட் கீ கிழக்கு பார்த்த கரை. காலை வெயில்தான் அங்கே அழகு. மாலையில் போனா சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால மறைஞ்சிடும், படம் எடுபடாது. கடல்மேல தூண்களில் நிற்கிற சீனக் குடியிருப்பான சியூ ஜெட்டி பலகைப் பாதையில் குடும்பங்கள் குடியிருக்கு, அதனால மெதுவா நடக்கணும். லிட்டில் இந்தியாவில் பசியாறல், பிறகு கலை மையமா மாறின ஹின் பஸ் டிப்போவில் ஞாயிறு சந்தை.

சிக்கல் மதியம் 1 முதல் 4 வரை. கடைவீடுகளுக்கு முன்னால கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் நிழல் இருக்கு, ஆனா மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழியை அடைச்சிடுறாங்க. சுட்டெரிக்கிற ரோட்டில்தான் இறங்கி நடக்கணும். பேரங்காடி வேண்டாம். இரண்டு பேர் குளுகுளுன்னு 2 மணி நேரம் உட்கார்ந்து பேச, பழைய கடைவீட்டில் இடம் தெரியுமா? சூரிய அஸ்தமனத்துக்கு பத்து ஃபெரிங்கி கடற்கரை. மழை வந்தா மாற்று என்ன?