எலும்புக்கு இறங்கிய மார்பகப் புற்றுநோய்: ஆயுளை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது?

ரிப்போர்ட்டில் ‘எலும்பில் பரவல்’ என்று பார்த்ததுமே குடும்பம் நொறுங்கிப்போகிறது. ஆனால் எலும்போடு நின்றிருக்கிறதா, கல்லீரல், நுரையீரல், மூளைக்கும் போயிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எலும்போடு மட்டும் நின்றவர்கள் பல வருடம் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு நடமாடுவது வார்டில் அபூர்வக் காட்சியல்ல. அடுத்தது ஏற்பி, அதாவது ஹார்மோன் போன்றவற்றின் வளர்ச்சிக் கட்டளையை வாங்கும் புற்றணுவின் புரதம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகைதான் எலும்பை அதிகம் தேடிப் போகும். ஆனால் மெதுவாக வளரும், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்கும் கட்டுப்படும். பரவிய ஏற்பி வகை நோயில் நடந்த மோனலீசா-2 ஆய்வில், ஹார்மோன் தடுப்பு மாத்திரையான லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் இதைத் தாண்டுவார்கள்) 51.4 மாதம், புற்றணு பெருகுவதைத் தடுக்கும் ரைபோசிக்லிப் சேர்த்தவர்களுக்கு 63.9. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பியும் இல்லாத வகையென்றால் காலம் சுருங்கும். அக்குளில் எத்தனை நெறிக்கட்டியில் நோய் இருந்தது, கட்டியின் அளவு, கிரேடு (அணுக்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்ற தரம்), எவ்வளவு சீக்கிரம் திரும்பியது என்பதும் கணக்கில் வரும். ஏற்பி உள்ள வகை 15 வருடம் கழித்தும் திரும்பலாம். பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

* * *

அந்த ஃபைலை மட்டும் நம்பி மருந்து தொடங்குவதும் சரியல்ல. பரவிய இடத்தில் ஏற்பி மாறியிருக்கலாம், முடிந்தால் மறுபடி பயாப்சி வேண்டும். எலும்புத் துண்டைச் சீவுவதற்கு முன் லேபில் ஊறவைத்து மெதுவாக்குவார்கள். அது கடும் அமிலமாக இருந்தால் ஏற்பிச் சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும். ஈடிடிஏ என்ற மென்மையான கரைசலில் ஊறவைக்கச் சொல்லி அனுப்புங்கள். சில நாள் கூடுதலாகும், முடிவை நம்பலாம். மாத்திரையில் அடங்க வேண்டியவர் வீணாகக் கீமோவுக்குப் போவது இந்த இடத்தில்தான்.

போன் ஸ்கேனும் ஏமாற்றும். சிகிச்சை தொடங்கி முதல் மூன்று மாதத்தில் ஆறும் எலும்பும், நோய் கூடியதுபோல, பளிச்சென்று தெரியும். வலி குறைந்திருந்தால் அவசரப்பட்டு மருந்தை மாற்றாமல் சிடி பாருங்கள். அந்த இடம் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தால் பெரும்பாலும் ஆறுகிறது என்று அர்த்தம்.

* * *

எலும்பைக் காக்கும் ஊசியான சோலெட்ரானிக் அமிலம் பற்றி: 4 மி.கி., 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். வேகமாக விட்டால் சிறுநீரகம் அடிபடும். ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்க்க வேண்டும். கால்சியம், வைட்டமின் டி குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கி, ஈறு ஆறிய பிறகுதான் ஊசி. இல்லாவிட்டால் தாடையெலும்பு அழுகும் ஆபத்து உண்டு. பரவிய நோயில் இந்த ஊசி ஆயுளை நீட்டுவதில்லை, எலும்பு முறிவைத் தள்ளிப்போடுகிறது. தொடையெலும்பு முறிந்து படுக்கையில் விழாமல் இருப்பது சின்ன விஷயமா?

* * *

முதுகெலும்பில் பரவல் உள்ளவருக்குப் படுத்தாலும் குறையாத வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் இறங்காமை, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே எம்ஆர்ஐ. தண்டுவடம் நசுங்குவது உறுதியானால் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் உடனே தொடங்கி, கதிர்வீச்சோ ஆபரேஷனோ தாமதமின்றி. சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவர்தான் பெரும்பாலும் பிறகும் நடப்பார். “திங்கட்கிழமை ஓபிக்கு வாங்க” என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.