போரிஸ் ப்ராஜெக்ட் கோப்பு கிளவுடில் இருந்தால் போதுமா?

பேன்_பார்ப்பவள்:
குரங்குக் கூட்டத்தின் வீடியோக்களை போரிஸில் (வீடியோ பார்த்து நடத்தைகளைப் பதியும் மென்பொருள்) ஓட்டி நடத்தைகளைக் குறித்து வருகிறேன். நேற்று மூன்று மணி நேரம் 'பேன் பார்த்தல்' என்பதற்கான விசையையே தட்டிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்ததைக் கவனிக்கவில்லை, அணைந்துவிட்டது. ஒருமுறைகூட சேவ் செய்யாதது என் தப்புதான். ஆனால் இப்போது வேறு பயம். 62 வீடியோக்களும் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. குறித்ததெல்லாம் சேரும் ப்ராஜெக்ட் கோப்பு மட்டும் கிளவுட் ஃபோல்டரில். நானும் என்னோடு கோடிங் (நடத்தைகளைக் குறிக்கும் வேலை) செய்பவரும் அதையே திறக்கிறோம். இதைத்தான் பேக்கப் என்று நினைத்திருந்தேன். போதுமா?

பழைய_கோடர்:
போதாது. அது ஒத்திசைவு, பேக்கப் இல்லை. நான் ஒருமுறை தவறான அப்சர்வேஷனை (ஒரு வீடியோவுக்கான குறிப்புத் தொகுப்பு) நீக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் சேவும் கொடுத்தேன். தலையில் கை வைப்பதற்குள் மூன்று கணினிகளிலும் அது காணாமல் போயிருந்தது. கிளவுடில் பழைய பதிப்பு கிடைத்ததால் தப்பித்தேன். அதற்கும் கெடு உண்டு, எல்லாக் காலமும் வைத்திருக்க மாட்டார்கள்.

முதலில் ப்ரிஃபரன்ஸில் தானியங்கி சேமிப்பைப் பாருங்கள். நிமிடம் 0 என்றிருந்தால் அது அணைந்திருக்கிறது. 5 என்று வையுங்கள். ஆனால் அது அதே கோப்பின் மேல்தான் எழுதும், உங்கள் பிழையையும் சேர்த்தே சேமிக்கும். அதனால் அன்றைய வேலை முடிந்ததும் தேதி போட்டு ஒரு நகல் எடுங்கள். கோப்பு வெறும் எழுத்துதானே, நூறு நகல் இருந்தாலும் இடம் அடைக்காது.

அப்புறம் முக்கியமானது. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஜேசன் என்ற எழுத்து வடிவம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் வினாடி, யார், என்ன குறியீடு என்று வரிசையாக இருக்கும். வீடியோ இருக்காது, அது எங்கே இருக்கிறது என்ற பாதை மட்டுமே இருக்கும். டிஸ்க் போனால் எண்கள் மிஞ்சும், ஆனால் யாராவது சந்தேகப்பட்டால் மறுபடி பார்க்கப் படம் இருக்காது. வீடியோவை இரண்டாவது டிஸ்கில் போட்டு வேறு கட்டடத்தில் வையுங்கள். நகலெடுத்ததும் இரண்டு பக்கமும் ஷா-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

எத்தோகிராம்_பைத்தியம்:
இரண்டு பேர் ஒரே கோப்பைத் திறப்பதை இன்றே நிறுத்துங்கள். கடைசியாக சேவ் செய்தவர் மற்றவர் வேலையை அழித்துவிடுவார். ஆளுக்கொரு நகல், ஒரே எத்தோகிராம் (நடத்தைகளின் பட்டியல்), அப்சர்வேஷன் பெயரில் அவரவர் எழுத்து. பிறகு ஒருவர் கோப்பில் மற்றவருடையதை இம்போர்ட் செய்தால், இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோஹன் கப்பாவும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, கோடிங் தொடங்கிய வீடியோவின் முன்பகுதியை வெட்டிவிடாதீர்கள். 8 வினாடி வெட்டினால் எல்லாக் குறிப்பும் 8 வினாடி தள்ளி நிற்கும். நான் வெட்டியிருக்கிறேன், அதனால் தெரியும்.

பேன்_பார்ப்பவள்:
நோட்பேடில் திறந்தேன். வீடியோ பாதை எல்லாம் 'ஈ' டிரைவில் தொடங்குகிறது! நகலை வேறு கணினியில் போட்டுத் திறந்ததும் வீடியோ கிடைக்கவில்லை என்றது.

பழைய_கோடர்:
நல்லவேளை, இப்போதே தெரிந்தது. வீடியோக்களை ப்ராஜெக்ட் கோப்புக்குப் பக்கத்திலேயே வைத்து, பாதைகளைச் சார்புப் பாதையாக (டிரைவ் பெயர் இல்லாமல், ப்ராஜெக்ட் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவது) மாற்றிவிடுங்கள். பிறகு முழு ஃபோல்டரையும் அந்த வேறு கணினியில் போட்டு மறுபடி திறந்து பாருங்கள்.

பேன்_பார்ப்பவள்:
திறந்தது. நேற்றுப் போன மூன்று மணி நேரத்தை இப்போது மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறேன். சார்ஜர் செருகியிருக்கிறது.