3 வாரக் குதிரைக் குட்டி, ஹால்டரைக் கண்டாலே ஓட்டம்

புதுக்குதிரை: போன ஆடியில் அந்தியூர் சந்தையில் சினையோடு வாங்கிய பெட்டை, குட்டி போட்டு 3 வாரம் ஆகிறது. குட்டியைத் தொடவே முடியவில்லை. நேற்று எப்படியோ ஹால்டரை (பிடித்து நடத்தத் தலையில் மாட்டும் வார்) மாட்டி இழுத்தேன், எழும்பி மல்லாக்க விழுந்துவிட்டது. என்ன செய்ய?

லாயக்காரன்: முதலில் இழுப்பதை நிறுத்துங்க தம்பி, இழுத்தால் குதிரை எதிர்ப்பக்கம்தான் சாயும், விழுந்தால் கழுத்து போய்விடும். தாயைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பக்கத்தில் சும்மா குந்துங்கள், குட்டி தானாக மோந்து பார்க்க வரும், அப்போது பிடரி முடியும் தோள்மேட்டில் சொறிந்துவிடுங்கள். மேலுதட்டை நீட்டி நீட்டிக் காட்டினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். தினம் 10 நிமிடம் போதும்.

குளம்படி: நடக்கப் பழக்கும்போது பின்தொடையைச் சுற்றி ஒரு கயிறு விட்டு, தாய்க்குப் பின்னால் நடத்துங்கள். ஓர் அடி வைத்ததும் கயிற்றைத் தளர்த்த வேண்டும். அப்புறம், ஹால்டரை மாட்டியே விட்டுவிடாதீர்கள். எங்களுடையது காதைச் சொறியக் காலைத் தூக்கி, குளம்பு அதில் சிக்கி, அன்றைக்கு நான் பட்ட பாடு!

புதுக்குதிரை: உதட்டை நீட்டியது அண்ணா! ஹால்டர் எப்போது?

லாயக்காரன்: இரண்டு மூன்று நாள் முகத்தில் தேய்த்துக் காட்டிவிட்டு மாட்டுங்கள். வாருக்கும் முகத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். வாரம் ஒருமுறை பாருங்கள், தலை மளமளவென்று வளரும்.