டெட்லைன் அச்சகச் சொல்லாம்!

நக்கீரப்பேரன்: "கெடு என்ற பொருளில் நாம் சொல்லும் டெட்லைன் பிறந்தது அச்சகத்தில்" என்று யாரோ அளந்துவிட, நாலு பேர் பகிர்ந்தும் ஆயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போர், 1864, ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் கைதி முகாம். மதிலிலிருந்து 19 அடி உள்ளே தள்ளி ஒரு மரத் தடுப்பு. கைதி அதைத் தாண்டினால் காவலாளி சுடுவான். அதுதான் டெட்லைன்.

ஈயஎழுத்து: அந்த 'யாரோ' நான்தான். உருளை அச்சு இயந்திரத்திலும் ஒரு கோடு உண்டு. அதற்கு அப்பால் எழுத்துக் கோத்தால் தாளில் ஒழுங்காகப் பதியாது. அதற்கும் டெட்லைன் என்றே பெயர். பத்திரிகைக்காரன் பக்கத்து அறையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுச் சிறைக்கா போவான்?

நக்கீரப்பேரன்: உங்கள் அச்சுக் கோடு பதிவானதே இருபதாம் நூற்றாண்டில். என் 19 அடி 1864. கழித்தல் கணக்கு தெரியுமல்லவா?

சும்மாவந்தவன்: 1860லேயே தூண்டில்காரர்கள் ஓடாத கயிற்றை டெட்லைன் என்றிருக்கிறார்கள். அப்போ ரெண்டு பேரும் அவுட்டா?

நக்கீரப்பேரன்: மீன் பிடிக்கிறவர்கள் ஓரமாக உட்காரவும்.

மின்மினி: 19 அடி என்று அடித்துச் சொல்கிறீர்களே, தென்மாநிலப் படை அதிகாரியே 1864 ஆய்வறிக்கையில் "சுமார் 20 அடி" என்றுதானே எழுதினார்?

நக்கீரப்பேரன்: 'சுமார்' என்பதை விழுங்கிவிடாதீர்கள். 19 அடி. முகாம் தலைவர் ஹென்றி விர்ஸை 1865 நவம்பரில் தூக்கிலிட்டார்கள், தெரியுமா?

ஈயஎழுத்து: அடி தப்பாக அளந்ததற்கா?

மின்மினி: 😂 1880இல் நியூயார்க் காவல் அதிகாரி தாமஸ் பைர்ன்ஸ் ஃபுல்டன் தெருவை டெட்லைன் என்றார். அதற்குத் தெற்கே, வங்கிகள் நிறைந்த வால் ஸ்ட்ரீட் பக்கம், பழைய திருடன் தலைகாட்டினால் கைது. சுடவில்லை. பொருள் அப்போதே இளகிவிட்டது.

நக்கீரப்பேரன்: பைர்ன்ஸ் அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தார்? 19 அடியிலிருந்து!

ஈயஎழுத்து: சிறையிலிருந்து செய்தி அறைக்கு வந்த வழியைக் காட்டச் சொன்னால் மறுபடி அடிக்கோல். 'ஓகே' பற்றிய திரியிலும் இதே கூத்து. கடைசியில் என்னைத்தானே மட்டறுத்தார்கள்.

நக்கீரப்பேரன்: அங்கே நீங்கள் என்னை 'அகராதி தின்னி' என்றீர்கள்.

சும்மாவந்தவன்: அது நான் சொன்னது.

நக்கீரப்பேரன்: பார்த்தீர்களா, கூட்டுச் சதி. உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: 19 அடி.

மின்மினி: 20.